கெட்ட செய்தி முதலில்

மார்ச் 3, செவ்வாய்

நிஷிவாகி சானுக்கு இருப்பது பித்தப்பைக் கல் இல்லை. கணையத்தில் புற்று, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது. டாக்டர் மெய்யப்பன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினேன்.

"பத்து நாள். ரொம்ப இழுத்தா ரெண்டு வாரம். ஊருக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே போயிருங்க மேடம். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க. அவர் பாஷை எனக்குத் தெரியாதே" என்றார்.

எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒரகடத்தில் சீட் பெல்ட் செய்யும் ஜப்பான் கம்பெனியில் ஒன்பது வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே இருப்பவர் "இதைச் செய்தவனுக்குக் கண் இருக்கிறதா" என்று கேட்டால், நான் கீழே இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் கவனமாப் பாக்கச் சொல்றார்" என்பேன். கீழே இருப்பவர் "இந்தாளுக்கு வேற வேலையே கிடையாதா" என்றால், மேலே "முயற்சி செய்கிறாராம்" என்று போகும். இரண்டு பக்கமும் கூர் மழுக்கித்தான் கொடுப்பேன். இதுவரை யாரும் யாரையும் அடித்துக்கொண்டதில்லை. அந்தப் புண்ணியம் எனக்குத்தான்.

நிஷிவாகி சான் (சான் என்பது நம் 'சார்' மாதிரி ஒரு மரியாதை) எங்கள் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். வயது அறுபத்திரண்டு. ஒன்பது வருடமாகச் சென்னையில் தனியாக இருக்கிறார். ஒரு பெல்ட் பழுதாகி வந்தால், ஏன் என்று கேட்பார். பதில் சொன்னால் அதற்கு ஏன் என்பார். ஐந்து தடவை கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவர் முறை. பையன்கள் அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். பிடிக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

அவர் மனைவி காஸுகோ அம்மாளிடம் போனில் பேசினேன். ஜப்பானில், சீபாவில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதனால் இங்கே வரமுடியாது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரிடம் சொல்லவேண்டாம், வடிவு சான். இங்கே வரட்டும். நான் பக்கத்தில் இருக்கும்போது நானே சொல்கிறேன். தயவுசெய்து" என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அறைக்குள் போனதும் நிஷிவாகி சான் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னார்? கெட்ட செய்தி முதலில்."

அது அவர் வாசகம். தொழிற்சாலைச் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். கெட்ட செய்தி முதலில். உற்பத்தி லைனில் எது கெட்டாலும் உடனே சிவப்புக் கயிற்றை இழு, நிறுத்து, சொல். நல்லதை அப்புறம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம். கயிறு கட்டிய புதிதில் ஒருவனும் இழுக்கவில்லை. நம் ஆட்களாவது, ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு ஜப்பான்காரர் முன்னால் போய் நிற்பதாவது! ஆறாம் மாதம் ஒருவன் நடுக்கத்தோடு இழுத்தான். நிஷிவாகி சான் ஓடிவந்து அவனுக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். அதற்கப்புறம்தான் கயிறு வேலை செய்தது.

நான் சொன்னேன்: "கல் அடைத்திருக்கிறது. கல்லீரல் வீங்கியிருக்கிறது. சிகிச்சைக்கு ஜப்பான்தான் நல்லது என்கிறார்."

"இதில் எது கெட்ட செய்தி?"

"மருத்துவமனைச் சாப்பாடு இன்னும் நாலைந்து நாள் உண்டு."

சிரித்தார். மஞ்சள் பூத்த கண்ணோடு சிரித்தார்.

மார்ச் 5, வியாழன்

கடையில் அவருக்குக் கம்பளிக் காலுறை வாங்கினேன். கால் வீங்கியிருப்பதால் பெரிய அளவாகப் பார்த்து எடுத்தேன். மதியம் தயிர்சாதம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

விமானக் கம்பெனிக்கு மருத்துவப் படிவம் அனுப்பவேண்டும். ஜப்பான் விமானம்தான், பிசினஸ் கிளாஸ். இருக்கையை முழுக்கப் படுக்கையாக விரிக்கலாம், ஸ்ட்ரெச்சர் வேண்டாம். அவர், நான், ஸ்டெல்லா என்று மூன்று பேர். ஸ்டெல்லா மருத்துவமனை நர்ஸ், நாகர்கோவில் பக்கம். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற பெண்.

படிவத்தில் டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். விமானக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் இன்னொரு தாள் வந்தது. 'என் நோயின் நிலையும், பயணத்தில் உயிருக்கு நேரக்கூடியதும் எனக்கு முழுமையாக விளக்கப்பட்டுள்ளன.' கீழே நோயாளி ஒப்பமிடவேண்டும். ஆங்கிலம், நெருக்கி அடித்த எழுத்து, இரண்டு பக்கம்.

நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசித்தேன்.

ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான். படிக்காத தாளில் முத்திரை வைக்கிற ஆள் இல்லை அவர். நூல் வாங்குகிற ரசீதைக்கூட இரண்டு தடவை படிப்பார். இன்று கண்ணாடியைத் தேடினார், கைக்கு எட்டவில்லை, விட்டுவிட்டார்.

"நீ முழுக்கப் படித்தாயா?"

"படித்தேன்."

"அப்படியானால் சரி."

சட்டைப்பையிலிருந்து மரமுத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, ஊதி, நேராக வைத்தார். முத்திரை கொஞ்சம்கூடச் சாயவில்லை.

நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் சிவசு சாகக் கிடந்தபோது அவரிடமும் அல்சர் என்றுதான் சொன்னேன். கடைசி வாரம் வரைக்கும் புது ஸ்கூட்டர் என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்து என்ன சாதித்திருக்கப் போகிறேன்?

மார்ச் 7, சனி

பாளையங்கோட்டையிலிருந்து தங்கை செண்பகம் போன் செய்தாள். "ஏக்கா, பிசினஸ் கிளாஸாம்லா! படுத்துக்கிட்டே போலாமாமே. போட்டோ எடுத்து அனுப்புக்கா, இவுஹட்டக் காட்டணும்." சாகப்போகிறவரோடு போகிறேன் என்று சொல்லவில்லை. ஆபீஸ் வேலை என்றேன்.

மாலை அவர் வீட்டுக்குப் பெட்டி கட்டப் போனேன். மேசை இழுப்பறையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது, கல்யாண உடையில். மகள் யூரி. சப்போரோவில் இருக்கிறாள். அப்பாவோடு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. ஒரகடத்தில் முதல் லைன் ஓடத் தொடங்கியது அதே நாளில்தான்.

படத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"போனில் பேசுகிறீர்களா? நம்பர் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சில்லை அது. ஏப்ரலில் எழுந்து நடந்துவிடுவேன். நேரில் போய் அவள் கதவைத் தட்டுவேன்."

நான் "அதுவும் சரிதான்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு அவருக்குக் குரல் நன்றாக இருந்தது. மகளோடு போன் பேசியிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள். விமானத்தில், காலை ஏழு மணி இருக்கும்

ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். விடிந்துவிட்டது. கீழே கடல்.

செண்பகத்துக்குப் படம் எடுக்கவில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். ஆளுக்கு ஒரு சின்ன அறை மாதிரித் தடுப்பு. இருக்கைக்கடியில் செருப்பு, துணிப்பையில் சுற்றி வைத்தது. ஏறி உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு, மூங்கில் தட்டில். கழிவறைத் தொட்டியின் பலகைகூட இளஞ்சூடாக இருக்கிறது, வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். சின்னச் சின்னக் கிண்ணமாக ஒன்பது வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்குத்தான் இருந்தது. நம் வீட்டில் சாமிக்குப் படைப்பதுகூட இதைவிடத் தாராளமாக இருக்கும்.

பணிப்பெண்களின் தலைவி பெயர் ஓகாவா. எங்களிடம் பேசும்போது நின்று பேசுவதே இல்லை. மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேசுகிறார்.

நிஷிவாகி சான் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளும்முன் கட்டை விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். "நம்முடையது இதைவிட நெருக்கமான தையல்" என்றார். ஸ்டெல்லா ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, "என்னக்கா சொல்லுதாரு?" என்றாள். சொன்னேன். "இந்த மனுசன் சொர்க்கத்துக்குப் போனாலும் கதவுக்கு ஆணி சரியா அடிச்சிருக்கான்னு பாப்பாரு" என்றாள்.

அவர் தூங்குகிறார். நானும் கொஞ்சம் படுக்கிறேன்.

அதே நாள், மதியம்

எழுதவேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது, இருந்தாலும் எழுதவேண்டும்.

ஒன்பது மணி சுமாருக்கு ஓகாவா சான் வந்தார். மண்டியிட்டு, "இடது பக்க ஜன்னல் இருக்கைக்கு மாற்றித் தரலாமா? அங்கே இருந்தவர் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்" என்று கேட்டார். நானும் ஸ்டெல்லாவும் தாங்கிப் பிடித்து மாற்றினோம். பின்னாலேயே ஒரு கிண்ணம் வந்தது. சோற்றில் சூடான தேநீர் ஊற்றி, மேலே ஊறுகாய் வைத்தது. அவருக்கு உயிரான சாப்பாடு. இவர் கேட்கவில்லை, மெனுவிலும் இல்லை. "உங்கள் வீட்டில் விசாரித்தோம்" என்றார் ஓகாவா சான். அப்புறம் ஒரு அட்டை, கேப்டன் தன் கையால் எழுதியது. 'நீண்ட காலப் பணிக்கு நன்றி. உங்களை ஊருக்கு அழைத்துச் செல்வது எங்களுக்குப் பெருமை.' ஓகாவா சான் இரண்டு கையாலும் அதை நீட்டி, நெற்றி முட்டியில் படும்வரை குனிந்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பாவம், அவர்மேல் பிழை இல்லை. அவர் கையில் இருக்கிற தாளில் இவருக்கு எல்லாம் விளக்கப்பட்டதாக முத்திரை இருக்கிறது.

நிஷிவாகி சான் இரண்டு கரண்டி சாப்பிட்டார். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பழுதான பெல்ட்டை அப்படித்தான் திருப்பிப் பார்ப்பார்.

"ஏன் இடம் மாற்றினார்கள்?"

"இந்தப் பக்கம் ஃபுஜி மலை தெரியுமாம்."

"நான் ஏன் ஃபுஜியைப் பார்க்கவேண்டும்?"

"ஊருக்குத் திரும்புகிறீர்கள் அல்லவா."

"வருடத்துக்கு ஒருமுறை திரும்பியிருக்கிறேன். யாரும் இடம் மாற்றவில்லை. இந்தத் தடவை ஏன்?"

"உடம்பு சரியில்லை என்று படிவத்தில் இருக்கிறது."

"உடம்பு சரியில்லாதவன் குணமான பிறகு பார்த்துக்கொள்வான். ஏன் இன்றைக்கே?"

நாலு ஆகிவிட்டது. நான் அவர் மடியிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறி, மேலே ஏடு மாதிரி படிந்திருந்தது.

"வடிவு சான். ஐந்தாவதையும் நான் கேட்கவேண்டுமா?"

சொன்னேன். கணையம், கல்லீரல், டாக்டர் சொன்ன பத்து நாள். "இன்று ஏழாவது நாள்" என்றேன். கூர் மழுக்காமல் ஒரு செய்தியை அவரிடம் கொடுத்தது ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவர் அழவில்லை, கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா என் கையைக் கிள்ளி, "சொல்லிட்டீங்களாக்கா?" என்றாள். தலையாட்டினேன். "நல்லதாப் போச்சு. மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தது யார்?"

"நான்தான்."

"காஸுகோ" என்றார். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவரிடம் என் பொய் எடுபடுமா? "அவளை விடு. கயிறு உன் கையில் இருந்தது. ஏன் இழுக்கவில்லை?"

"பழக்கம்" என்றேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மறுபடி கேட்டிருந்தால் சிவசுவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. "தாள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

ஓகாவா சான் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். இவருக்குப் பேனா பிடிக்க விரல் வரவில்லை. குரலும் காற்றாகிவிட்டது. வாயருகே காதை வைத்து நான் எழுதினேன். விமானம் அப்போது கொஞ்சம் ஆடியது. அவர் சொன்னது இது:

'யூரிக்கு. கெட்ட செய்தி முதலில். உன் கல்யாணத்துக்கு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருப்பாள். அது பொய். விடுப்புக் கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்றேன். லைன் ஓடத் தொடங்கும்போது அங்கே நிற்க விரும்பினேன். உன் கல்யாணத்தைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன். கெட்ட செய்தி இவ்வளவுதான்.'

நிறுத்தினார். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"கொஞ்சம் இரு. நல்லதைச் சரியாகச் சொல்லவேண்டும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, வார்த்தையைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

நான் இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். ஸ்டெல்லா வந்து அவர் கன்னத்தைத் தட்டினாள். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். வலிக்கு அசைகிறாரா என்று மார்பெலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தாள்.

"அக்கா, இது தூக்கம் இல்ல" என்றாள்.

அதே நாள், மாலை. நரிட்டா விமான நிலையம்

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓகாவா சான் வந்து, ஒன்றும் பேசாமல் ஜன்னல் மறைப்பை முழுக்க ஏற்றிவிட்டார். ஃபுஜி தெரிந்தது. வெயில் சாய்ந்து, பனிமேல் மஞ்சளாக விழுந்திருந்தது. அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கண் மூடியிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து தூக்கினார்கள். பணிப்பெண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று குனிந்தார்கள். நான் அவர் செருப்பை மறந்து வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

மருத்துவமனை சீபாவில். மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை. காஸுகோ அம்மாள் ஊன்றுகோலோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். போர்வைக்கு வெளியே தெரிந்த கம்பளிக் காலுறையைப் பார்த்து எனக்கு நன்றி சொன்னார். பிறகு மெதுவாக, "அவரிடம் சொல்லவில்லைதானே?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"ரொம்ப நன்றி. பயமில்லாமல் வந்திருக்கிறார்."

மாலையில் யூரி வந்தாள். படத்தில் இருப்பதைவிட மெலிந்திருக்கிறாள். மோவாயும் நேராக நிற்கிற விதமும் அப்படியே அப்பாதான். கதவருகிலேயே நின்றாள், கட்டிலுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். பெட்டியில் இருக்கிறது, நாளை கொண்டுவருகிறேன்."

கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது.

மார்ச் 11, புதன்

ஹோட்டல் மேசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடிதத் தாளில் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. இப்போது இல்லை.

மார்ச் 12, வியாழன்

காலை ஆறு நாற்பதுக்குப் போய்விட்டார். கண் திறக்கவே இல்லை. டாக்டர் மெய்யப்பனின் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

யூரி இரண்டு நாளாகக் கட்டிலருகே நாற்காலியை விட்டு நகரவில்லை. கடிதத்தை நேற்று அவள் கேட்கவில்லை. அவர் எழுந்து தானே சொல்வார் என்று காத்திருந்தாளோ என்னவோ. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஸ்டெல்லா இன்று மதிய விமானத்தில் திரும்புகிறாள். போகும்போது கட்டிக்கொண்டாள். "கடுதாசியக் குடுத்துருங்கக்கா. எழுதினத அப்படியே குடுத்துருங்க" என்றாள். அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

மார்ச் 14, சனி

இன்று தகனம் முடிந்தது. மண்டபத்துக்கு வெளியே பெஞ்சில் யூரி தனியாக உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

படித்தாள். முதல் பாதியைப் படிக்கும்போது முகம் இறுகியது. 'கெட்ட செய்தி முதலில்' என்ற இடத்தில் மட்டும் மூக்கால் லேசாகச் சிரித்தாள். "மார்க் அட்டையைக் காட்டும்போதும் இப்படித்தான். குறைந்த மார்க்கை முதலில் சொல்லச் சொல்வார். அதற்கப்புறம் எப்போதும் ஒரு நல்லது இருக்கும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பேன்" என்றாள்.

பிறகு கீழ்ப்பாதிக்கு வந்தாள். நாலு வரி. 'அந்த நாளுக்காகத் தினமும் வருந்தினேன். என் கண்ணே, என்னை மன்னித்துவிடு. நீதான் என் வாழ்வின் பெருமை. ஏப்ரலில் உன் கதவைத் தட்ட இருந்தேன்.'

நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் தோளைத் தொடலாமா, இங்கே அப்படிச் செய்வார்களா என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மேலே எழுத்து ஆடியிருக்கிறது. விமானத்தில் எழுதியது, இல்லையா? கீழே நேராக இருக்கிறது."

நானும் அந்த எழுத்தையே பார்த்தேன்.

"என் கண்ணே என்று அப்பா என்னைக் கூப்பிட்டதே கிடையாது. அம்மாவைக்கூட." குரலில் கோபம் இல்லை, விசாரிக்கிற குரல்தான். "வடிவு சான், எது வரைக்கும் அப்பா சொன்னது?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். பிறகு விரலை எடுத்து வைத்தேன். 'கெட்ட செய்தி இவ்வளவுதான்' என்ற வரியின் கீழே.

அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆனால் அதற்கப்புறம் அவர் பேசினார்" என்றேன். அவசர அவசரமாகச் சொன்னேன். "'கொஞ்சம் இரு, நல்லதைச் சரியாகச் சொல்லவேண்டும்' என்றார். சத்தியமாகச் சொன்னார். கண்ணை மூடி யோசித்தார், உதடு அசைந்தது. அதற்குள் நினைவு போய்விட்டது. கடைசி வரியும் பொய் இல்லை, கதவைத் தட்டுவேன் என்று சென்னையில் என்னிடம் சொன்னார். உங்களுக்குச் சொல்ல ஒரு நல்லது இருந்தது. நிச்சயமாக இருந்தது."

யூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொறுமையாகப் பார்த்தாள்.

"அதுவும் நீங்கள் எழுதியதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அவள் நம்பவேண்டுமே. என் வாழ்நாளில் நான் கொண்டுபோய்ச் சேர்த்ததிலேயே விலைமதிக்க முடியாத செய்தி அதுதான், மழுக்காமல், சேர்க்காமல், அவர் வாயிலிருந்து வந்தபடியே. அதற்கு ஒரே சாட்சி நான். என் சாட்சியை நானே ஹோட்டல் மேசையில் உட்கார்ந்து செல்லாமல் ஆக்கிவிட்டேன். மூன்றாம் தேதியே சொல்லியிருந்தால் அவரே போனில் பேசியிருப்பார், கடிதமே தேவைப்பட்டிருக்காது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் தாளை மடியில் வைத்து, நான் விரல் வைத்த வரிக்குக் கீழே மடித்தாள். நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்தாள். திருப்பி மடித்து மறுபடி தேய்த்தாள். பிறகு மெதுவாக, ஓரம் பிசிறாமல் கிழித்தாள். மேல்பாதியை, லைன்தான் தனக்குப் பெரிது என்று அவர் சொன்ன பாதியை, நாலாக மடித்துக் கறுப்பு உடையின் உள்பையில் வைத்துக்கொண்டாள். கீழ்ப்பாதியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். எழுந்து நின்று, இடுப்பு மடங்கக் குனிந்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொன்னாள். அப்பாவைப் போலவே குனிந்தாள்.

நாளை எனக்கும் திரும்பும் விமானம். அதே பிசினஸ் கிளாஸ், கம்பெனி முன்பே பதிவு செய்துவிட்டது. அந்தச் செருப்பும் ஈரத்துண்டும் இருக்கும். ஒன்பது கிண்ணத்தில் இனி எனக்கு ஒரு வாய்கூட இறங்காது.

சிவசு கடைசி வாரத்தில் ஸ்கூட்டர் நிறத்தைப் பற்றிக் கேட்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீலமா சிவப்பா என்று அத்தனை தடவை ஒரு மனுஷன் கேட்பானா? நான் ஒவ்வொரு தடவையும் நீலம் என்றேன். வேறு ஏதோ கேட்டிருக்கிறார். பதில் தெரிந்திருந்தால் என்னிடம் எதையாவது சொல்லியிருப்பார். அது என்ன என்று இனி யாரும் எனக்கு எழுதித் தரப்போவதில்லை.

கீழ்ப்பாதி இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. நல்ல தாள். கையெழுத்தும் நேராக வந்திருக்கிறது.